பாதி வெட்டிய தலை

நான் வேலை பார்க்கும் பள்ளியில் நாட்டுநடப்பு எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் தீர்த்துவைக்கப்படும். போன மாதம் ஒரு நாள் பேச்சு எங்கோ நடந்த கலவரத்தைப் பற்றி வந்தது. காலனிப் பையன்கள் பஸ் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். பக்கத்து நாற்காலி கணக்கு டீச்சர் டப்பாவில் எலுமிச்சை சாதத்தைக் கிளறிக்கொண்டே, "என்ன கஷ்டமா இருந்தாலும் மனு குடுக்கணும், கேஸ் போடணும். கல்லெடுக்கறது என்ன பழக்கம்?" என்றார். நல்ல மனுஷி. யாருக்காவது ரத்தம் தேவை என்றால் முதல் ஆளாக ஓடுவார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று என் பக்கம் திரும்பினார். எனக்கு வாய் நீளம் என்பது திருவண்ணாமலையில் பாதிப் பேருக்குத் தெரியும். அன்று நான் டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. நியாயம் பேசுகிறவர்களுக்கு அது எந்தப் பக்கமும் உதவாது. அதில் கண்ணாடியை உடைத்தவன் என்னோடு படித்தவன். உடைந்த கண்ணாடி என் அப்பாவுடையது. அவனுக்கு வரவிருந்த அரசு வேலை ஒரு காகிதத்தால் போயிற்று. அந்தக் காகிதத்தை எழுதியவள் நான்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அப்பா முடிவெட்டுகிறவர். பஸ் நிறுத்தத்தில் ஒரே நாற்காலி, பெரிய கண்ணாடி ஒன்று, காத்திருப்பவர்களுக்கு ஒரு மரபெஞ்சு, இவ்வளவுதான் கடை. கடை இருந்த இடம் கடைக்கு எதிர்வீட்டுக்காரருடையது. வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர், ஊரில் நாலு பேரில் ஒருவர். அவர் வீட்டுப் பெரியவர்களுக்குச் சவரம் செய்ய அப்பா தோட்டத்துப் பக்கமாகத்தான் போவார், வாசல் வழியாகப் போனதே கிடையாது. அந்த வீட்டில் நேற்றுப் பிறந்ததுகூட அப்பாவை 'டேய்' என்றுதான் கூப்பிடும். அப்பா அதற்கும் 'ஐயா' என்று பதில் சொல்வார். எங்களுக்குக் கீழே காலனி இருந்தது என்பதில் எங்களுக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்க வேண்டும். எழுதவே கூசுகிறது, ஆனாலும் இருந்தது.

காலனி ஆட்களுக்கு அப்பா கடையில் முடிவெட்டக் கூடாது. அப்படி யாரும் எழுதிப் போடவில்லை, தண்டோரா போட்டுச் சொல்லவும் இல்லை. அவர்கள் பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூருக்கோ திருவண்ணாமலைக்கோ போய் வெட்டிக்கொண்டு வருவார்கள். முடி வெட்ட ஒரு நாள் கூலியை விட வேண்டும். அப்பாவுக்கு அது மனசைக் குடைந்திருக்கிறது. அவராக ஒரு வழி கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை எல்லா ஊரிலும் முடிதிருத்தும் கடைக்கு விடுமுறை. அன்று அவர் ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். காலனிக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்து வெட்டிக்கொண்டு போவார்கள். கழுத்தில் போர்த்த அவர்களுக்கென்று ஒரு பச்சைத் துணி. அம்மா அதைத் தனியாகத் துவைத்து வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயவைப்பாள், யார் கண்ணிலும் படக்கூடாது என்று. எதிர்வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது பெரிய மனிதர்களுக்குக் கைவந்த கலை.

எங்களைவிட நல்லவர்கள் ஊரில் கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் செய்யாததை என் அப்பா பயந்து பயந்தாவது செய்கிறாரே. வாழ்நாளெல்லாம் கொல்லைப்பக்கமாகவே நுழைந்து பழகிய மனிதருக்கு, இன்னொருவனைக் குனிந்து வரச்சொல்வது மரியாதைக் குறைவு என்று தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது.

அவன் என்னோடு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்தவன். சிறுவயதில் அவனும் செவ்வாய்க்கிழமைகளில் ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தவன்தான். கல்லூரிக்குப் போன பிறகு வருவதை நிறுத்திவிட்டான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தான். 'எங்கள் ஊரில் எங்களுக்கு முடிவெட்ட மறுக்கிறார்கள்' என்று அப்பா பேரைப் போடாமல்தான் எழுதியிருந்தான். மனு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்று போனுக்கு ஒரு செய்தி வந்ததாம். மறுபடி கொடுத்தான். மறுபடி அதே செய்தி. கணக்கு டீச்சர் சொன்ன வழியில்தான் அவனும் முதலில் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் அப்பாவுக்குக் காபி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அப்போது நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"ணா, பரிட்சை பாஸ் பண்ணிட்டேன். நாளைக்கு மெட்ராஸ்ல சர்டிஃபிகேட் பாக்கறாங்க. முடி வெட்டிவுடுங்க."

அப்பா முகம் மலர்ந்து, உடனே வாடியது. "பஸ்ஸு இருக்குதே நைனா, கீழ்பென்னாத்தூர் போயிட்டு..."

"இந்த ஒரு நாளாவது கதவத் தெறந்து வெச்சி வெட்டுங்கணா."

அப்பா தெருவைப் பார்த்தார். ஈ காக்கை இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா இல்லையா என்று ஞாபகமில்லை. ஆட்டியிருப்பேன் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அப்பா அவனை நாற்காலியில் உட்காரவைத்து, எல்லோருக்கும் போர்த்துகிற வெள்ளைத் துணியை எடுத்து உதறிப் போர்த்தினார். அந்த நிமிடத்தில் என் அப்பாமேல் எனக்கு வந்த பெருமை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"இன்னா வேல நைனா?"

"ஆபீஸ் வேலதான்ணா. சீல் குத்தற வேல."

"அப்போ எம் பொண்ணுக்கு ஒரு சர்டிஃபிகேட் வேணும்னா ஒங்கிட்டதான் வந்து நிக்கணுமா?"

"ரெண்டு வாட்டி அலைய வுட்டுட்டுதான் குடுப்பேன்" என்றான் கண்ணாடியில் என்னைப் பார்த்து. மூன்று பேரும் சிரித்தோம்.

இடது பக்கம் ஒட்ட வெட்டி முடித்தாயிற்று. வலது பக்கம் முடி காதை மூடிக் கிடந்தது. அப்போது எதிர்வீட்டுக்காரர் வந்து படியில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் அவர் வீட்டுக்குப் போவது வழக்கம். அன்று என்னவோ அவரே வந்துவிட்டார். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இன்னாடா, யாவாரம் ஜோரா நடக்குது போல" என்றார்.

அப்பாவின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை அவிழ்த்தார். அவிழ்த்துவிட்டு என் அப்பா சொன்னது இதுதான்.

"மிச்சத்த செவ்வாக்கெழம வெட்டிக்கலாம் நைனா."

அவன் விளையாட்டு என்று நினைத்து முதலில் புன்னகைத்தான். "நாளைக்கு நான் மெட்ராஸ் போவணும்ணா" என்றான். அப்பா அதையே திரும்பச் சொன்னார். செவ்வாக்கெழம, செவ்வாக்கெழம. அவரைப் பொறுத்தவரை அது விரட்டுவது இல்லை. மிச்சத்தை வெட்டித்தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். ஊரில் வேறு யாரும் கொடுக்காத வாக்கு. ஆனால் மனுஷனுக்கு எதைச் சொல்லக் கூடாதோ அதைத்தான் அவர் வாய் சொல்லிற்று.

அவன் எழுந்து, பாதி வெட்டிய தலையோடு தெருவில் இறங்கி நடந்தான். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியைக் காட்டி, "தண்ணி ஊத்திக் கழுவு" என்றார். அப்பா வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டே இருந்தார், தண்ணீரை நான் கொண்டுவந்தேன். ஒரு குடம் ஊற்றிக் கழுவினேன். அவர் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

ஒரு மணி நேரத்தில் காலனியிலிருந்து வந்தார்கள், ஆறேழு பேர். கத்தினார்கள், ஷட்டரை உதைத்தார்கள், நாற்காலியைப் பிடுங்கித் தெருவில் போட்டார்கள். அவன் கத்தவே இல்லை. மரபெஞ்சைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். தலை அப்படியேதான் இருந்தது. அப்பா கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளையை மறைப்பதுபோல நின்றார்.

"தள்ளிக்கோங்கணா" என்றான்.

அப்பா நகரவில்லை. "தள்ளிக்கோங்கணா, ஒங்க மேல பட்டுடும்." மூன்று தடவை சொன்னான். நான் கேட்டேன், எண்ணிக்கூடச் சொல்கிறேன், மூன்று தடவை. பிறகு அப்பாவின் தலைக்கு மேலே பெஞ்சை வீசினான். கண்ணாடி மொத்தமாக இறங்கியது. அப்பாவின் வலது மணிக்கட்டில் ஒரு துண்டு ஆழமாகப் பாய்ந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவன்தான் முதலில் உட்கார்ந்தான், அப்படியே தரையில். மற்றவர்கள் அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

எதிர்வீட்டுக்காரரின் காரில்தான் அப்பாவைத் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தக் காரில் எங்கள் வீட்டு ஆட்கள் ஏறியது அதுதான் முதல் தடவை. ஏறும் முன் சீட்டில் சாக்கு விரித்தார்கள், ரத்தம் படாமல் இருக்க என்று. நரம்பும் தசைநாரும் அறுந்துவிட்டன என்றார் டாக்டர். தைத்தாலும் மோதிர விரலும் சுண்டு விரலும் இனி மடங்காது. கத்தரிக்கோலின் ஒரு வளையத்தில் நுழைவது மோதிர விரல்தான். டாக்டருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

மதியம் ஆஸ்பத்திரி மரத்தடியில் எதிர்வீட்டுக்காரர் ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினார். "படிச்ச பொண்ணு, நீயே எழுதும்மா." அதுவரை அவர் வாயிலிருந்து எனக்கு 'அம்மா' கிடைத்ததில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினோரு பேருடைய பெயரைச் சொன்னார். அதில் நாலு பேர் கடைப் பக்கமே வரவில்லை என்று எனக்குத் தெரியும். எழுதினேன். 'தள்ளிக்கோங்கணா' என்று அவன் சொன்ன இடத்தில், 'உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன்' என்று எழுதினேன். அவர் சொல்லித்தான் எழுதினேன் என்றாலும், பேனாவைப் பிடித்திருந்த கை என்னுடையதுதான். அவன் பெயரை முதலில் போட்டது மட்டும் நானாகவே செய்தது. மறுநாள் அவன் எங்கே போகவேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். அப்பா கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு உருட்டினார். என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

சாயங்காலமே அவனைப் பிடித்துவிட்டார்கள். பாதி வெட்டிய தலையை ஸ்டேஷனில் மொட்டையடித்ததாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை மெட்ராசில் அவன் முறை வந்தபோது அவன் அங்கே இல்லை. வேறு ஒரு தேதி தரச் சொல்லி அவன் வீட்டார் பிறகு கேட்டுப் பார்த்தார்களாம். ஒன்றும் நடக்கவில்லை. அவன் மேல் கேஸ் வேறு இருந்தது.

காலனிக்காரர்களும் பதிலுக்குப் புகார் கொடுத்தார்கள். தீண்டாமை வழக்கு. முதல் குற்றவாளி என் அப்பா. அது பொய்வழக்கு என்று அம்மா அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை, ஏனென்றால் அது பொய் இல்லை. வெட்ட மறுத்தது அப்பாதான், வேண்டுமானால் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அதற்கு முன் படியில் நின்றவர் சொன்னது 'யாவாரம் ஜோரா நடக்குது' என்ற ஒரே ஒரு வரிதான். அதற்கு எந்தச் செக்ஷனும் கிடையாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஒரு வழக்கில் வாதி, ஒரு வழக்கில் பிரதிவாதி என்று அப்பா ஒரே ஸ்டேஷனுக்கு இரண்டு காரணத்துக்காக நடந்தார்.

இரண்டு மனுவுக்கும் வராத தாசில்தார் நான்காம் நாள் ஜீப்பில் வந்தார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதை அரசாங்கமும் ஒத்துக்கொண்டது. அமைதிக் கூட்டம் போட்டார்கள். இனி இந்தக் கடையில் எல்லோருக்கும் முடிவெட்டப்படும், மறுத்தால் கடும் நடவடிக்கை என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது. கடை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். போட்டோ எடுக்க வேண்டும், நாற்காலியில் ஒருவரை உட்காரவையுங்கள் என்றார் ஒரு அதிகாரி. காலனியிலிருந்து ஒரு பெரியவர் வந்து கால் உடைந்த நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில் கட்டோடு நின்றார். அவர்கள் கேட்ட உரிமை வந்துவிட்டது. வெட்டுவதற்குத்தான் கை இல்லை.

உடைத்திருக்காவிட்டால் அந்த அறிவிப்பும் வந்திருக்காது. இதை நான் மறைக்கமாட்டேன். அவன் இடத்தில் நான் இருந்து, அந்தத் தலையோடு அந்த டீக்கடையைத் தாண்டி நடந்திருந்தால் பெஞ்சைத்தான் தூக்கியிருப்பேன், பேனாவைத் தொட்டிருக்கமாட்டேன். அவன் செய்தது எனக்கு முழுசாகப் புரிகிறது. எனக்குப் புரிகிறது என்பதற்காக அப்பாவின் விரல் மடங்கிவிடவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று என் சிநேகிதி ஒருத்தி சொன்னாள். சரிதான். ஆனால் அந்த அம்பு ராத்திரி வலி பொறுக்காமல் எழுந்து உட்கார்ந்துகொள்வதைப் பார்த்தவள் நான். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். சேர்ந்து இருக்கமாட்டேன் என்கின்றன, இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

இடத்தை எதிர்வீட்டுக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். நான் வேலை கிடைத்துத் திருவண்ணாமலைக்கு வந்தபோது அப்பா அம்மாவையும் கூட்டிவந்துவிட்டேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அப்பா வாட்ச்மேனாக இருக்கிறார். வெள்ளைக்காரர்கள் போகும்போதும் வரும்போதும் அவருக்கு இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைக்கிறார்கள். முதல் மாதம் அப்பா பின்னால் திரும்பிப் பார்ப்பாராம், வேறு யாருக்கோ வைக்கிறார்கள் என்று. இப்போது பதிலுக்குக் கும்பிடுகிறார். கும்பிட மட்டும் அந்தக் கை சரியாகவே இருக்கிறது.

வழக்கு ஐந்து வருஷம் இழுத்தது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது எதிர்வீட்டுக்காரருக்குக் காலனி ஓட்டு தேவைப்பட்டது. ஊரும் காலனியும் உட்கார்ந்து பேசின. இரண்டு வழக்கிலும் சாட்சிகள் 'சரியாக ஞாபகம் இல்லை' என்று சொல்லிவிடுவது என்று முடிவானது. எங்களிடம் கேட்கவில்லை, தகவல் சொன்னார்கள். அவனிடமும் அப்படித்தான் இருக்கும். கோர்ட்டில் நான் கூண்டில் ஏறி, "யாருன்னு சரியா தெரியலீங்க" என்றேன். சொல்லும்போது அவன் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

வெளியே வராண்டாவில் அப்பா நேராக அவனிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவன் எழுந்து நின்றான். கொஞ்சம் தடித்திருந்தான், முடி முன்னால் கொட்டியிருந்தது. லோடு வண்டி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"ஒரே ஒரு விஷயம் கேக்கணும் நைனா" என்றார் அப்பா. "எதிர் வூட்டுலதான அவரு இருந்தாரு. ரோட்டத் தாண்டுனா வூடு. அங்க போவாம எங்கிட்ட ஏன் வந்தே?"

அவன் யோசித்தான். கோபமே இல்லை.

"அந்த வூட்டுக்கு கேட்டு இருக்குதுணா. உள்ள ஆளுங்க இருந்தாங்க. எனக்கு எட்டுனது ஒங்க கடதான்."

அப்பா தலையை ஆட்டினார். கேட்டதற்கு நியாயமான பதில் கிடைத்துவிட்ட மாதிரி ஆட்டினார். பிறகு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லிக் குழாய்ப் பக்கம் போனார். நானும் அவனும் நின்றோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஐந்து வருஷமாக நான் வாக்கியம் வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"புகார் காப்பிய அப்பவே குடுத்தாங்க. மொத வரியிலயே தெரிஞ்சிது, ஒன் எழுத்துன்னு."

அப்பா கை, ரத்தம், அந்த மனிதர் நீட்டிய தாள் என்று ஒரு மூட்டைக் காரணம் என்னிடம் இருந்தது. பொய்யாகச் சேர்த்த நாலு பேரைப் பற்றிக் கேட்பான், கொல்லுவேன் என்று எழுதியதைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன். ஏன் எழுதினாய் என்றுகூட அவன் கேட்கவில்லை.

"எழுதுனது தப்புன்னு சொல்லல. ஒங்கப்பா கை போச்சி, நீ எழுதத்தான் எழுதுவே" என்றான். "ஆனா நாளைக்கு நான் மெட்ராஸ் போறேன்னு ஒனக்குத் தெரியும். ஒரு நாள் கழிச்சிக் குடுத்திருக்கக் கூடாதா?"